‘...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ ஆல்பத்தில் பேஸ் கித்தார் ஏன் கேட்பதில்லை?

அமெரிக்க ஹெவி மெட்டல் குழுவான மெட்டாலிக்கா 1988ஆம் ஆண்டு வெளியிட்ட ‘...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ ஆல்பத்தை நல்ல ஹெட்ஃபோனில் முழுவதுமாகக் கேட்டும் பேஸ் கித்தார் எங்குமே காதில் விழவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். குழுவில் புதிதாகச் சேர்ந்தவரை அவமானப்படுத்துவதற்காகவே அந்த ஒலியை வேண்டுமென்று அடக்கிவிட்டார்கள் என்று உங்கள் நண்பர்கள் சொல்கிறார்கள். அது உண்மையா, 2018இல் வந்த ரீமாஸ்டர் பதிப்பை வாங்கினால் பேஸ் கேட்குமா என்று இரண்டு கேள்விகளைக் கேட்கிறீர்கள். இவ்விரண்டுக்கும் அடியில் மூன்றாவதாக ஒரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. வாசிக்கப்பட்ட ஓர் இசைக்கருவி, பதிவும் செய்யப்பட்ட ஓர் இசைக்கருவி, ஒரு பெரிய ஆல்பத்திலிருந்து எப்படிக் காணாமல் போக முடியும் என்பதே அது. ஒலிப்பதிவுக் கூடத்தில் மிக்ஸிங் வேலை, அதாவது தனித்தனியாகப் பதிவான ஒலிகளின் அளவைச் சரிசெய்து ஒன்றாகக் கலக்கும் வேலை, பார்ப்பதே என் தொழில் என்பதால், அந்தக் கேள்விக்குத்தான் அதிக இடம் கொடுக்கப் போகிறேன். சம்பந்தப்பட்டவர்கள் பேட்டிகளில் வெளிப்படையாகச் சொன்னவற்றையும், ஒலியியலால் உறுதியாகச் சொல்லக்கூடியவற்றையும், தொழில் அனுபவத்தை வைத்து நான் ஊகிப்பவற்றையும் தனித்தனியாகவே வைக்கிறேன்.

முதலில், உங்கள் ஹெட்ஃபோனில் எந்தக் குறையும் இல்லை. எந்தக் கருவியில் கேட்டாலும் அந்த ஆல்பத்தில் பேஸ் கித்தார் ஏறக்குறைய இல்லாதது போலத்தான் இருக்கும். கித்தார்கள் மென்மையாக ஒலிக்கும் சில இடங்களில், உதாரணமாக ‘ஒன்’ பாட்டின் தொடக்கத்தில், கூர்ந்து கேட்டால் அடியில் அதன் சாயல் தெரியும். டிஸ்டார்ஷன் போட்டுக் கரகரப்பாக்கிய கித்தார்கள் நுழைந்தவுடன் அதுவும் மறைந்துவிடும். ஆல்பம் வெளிவந்த காலத்திலிருந்தே இது பேசப்பட்டுவரும் குறைதான்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பழிவாங்கல் கதை அதிலிருந்துதான் முளைக்கிறது. 1986 செப்டம்பர் 27 அன்று சுவீடனில் இசைப் பயணத்தின்போது பேருந்து கவிழ்ந்ததில், மெட்டாலிக்காவின் பேஸ் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் 24 வயதில் இறந்தார். அவர் பேஸ் கித்தாரை வாசித்த விதம் அந்த வகை இசையில் அபூர்வமானது. விரல்களால் வாசிப்பார், டிஸ்டார்ஷனும், காலால் அழுத்தி ஒலியைக் குழைக்கும் வா-வா பெடலும் போட்டு அதைத் தனிப் பாட்டுக் கருவியாகவே ஆக்கிவிடுவார். 1984ஆம் ஆண்டு ஆல்பத்தில் வரும் ‘ஃபார் ஹூம் த பெல் டோல்ஸ்’ பாட்டின் தொடக்கத்தில் சீறிக்கொண்டு வரும் அந்த மெட்டைக் கித்தார் என்று இன்றும் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது பர்ட்டனின் பேஸ். அவருடைய இடத்துக்கு, அரிசோனாவைச் சேர்ந்த ஃபிளாட்ஸம் அண்ட் ஜெட்ஸம் என்ற குழுவிலிருந்து ஜேசன் நியூஸ்டெட் வந்தார். பர்ட்டன் இறந்து சில வாரங்களுக்குள் நடந்த தேர்வு அது. நியூஸ்டெட் விரல்களால் அல்லாமல் பிக் என்ற சிறு தகட்டைக் கொண்டு வாசிப்பவர். தாளத்தோடு கார்டுகளை மீட்டும் ரிதம் கித்தாரோடு இறுக ஒட்டி, வேகமாகவும் துல்லியமாகவும் வாசிப்பதே அவருடைய பலம்.

இந்த இடத்தில் பலர் மறந்துவிடும் ஒரு சான்று உண்டு. ‘ஜஸ்டிஸ்’ ஆல்பத்துக்கு முந்தைய ஆண்டு, 1987இல், பிற குழுக்களின் பாடல்களைத் தங்கள் பாணியில் வாசித்து மெட்டாலிக்கா ஒரு சிறு தட்டை வெளியிட்டது. நியூஸ்டெட் வாசித்த முதல் வெளியீடு அது. அதில் அவருடைய பேஸ் தடித்து, முன்னால் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி இருக்கிறது. அதே நான்கு பேர், அதே புதியவர், ஓராண்டு இடைவெளி. ஆகவே நியூஸ்டெட்டின் ஒலியே மெல்லியது என்றோ, அவருடைய பேஸை எப்படிப் பதிவு செய்வது என்று இவர்களுக்குத் தெரியவில்லை என்றோ சொல்ல முடியாது. 1987க்கும் 1988க்கும் இடையில் என்ன மாறியது என்றுதான் நாம் தேட வேண்டும்.

மாறியது பதிவு செய்த முறை. 1988இன் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள ஒன் ஆன் ஒன் ஸ்டுடியோவில் வேலை தொடங்கியது. அதற்கு முந்தைய இரண்டு ஆல்பங்களையும் டென்மார்க்கில் பதிவு செய்த ஃபிளெம்மிங் ராஸ்முசன் அப்போது கிடைக்காததால், கன்ஸ் அண்ட் ரோஸஸ் என்ற ராக் குழுவின் முதல் ஆல்பத்தைத் தயாரித்த மைக் கிளிங்கை அமர்த்தினார்கள். அது ஒத்துவரவில்லை. ராஸ்முசனையே வரவழைத்து, கிட்டத்தட்டத் தொடக்கத்திலிருந்து மீண்டும் ஆரம்பித்தார்கள். கிளிங்க் பதிவு செய்த டிரம்ஸ் இரண்டு பாடல்களில் மட்டும் தங்கியிருக்கிறது. அப்போதெல்லாம் கணினித் திரையில் வெட்டி ஒட்டும் வசதி கிடையாது. டிரம்ஸ் வாசிப்பில் எந்தப் பகுதி நன்றாக அமைந்ததோ அந்தப் பகுதியின் டேப்பை பிளேடால் வெட்டி, அடுத்த நல்ல பகுதியோடு ஒட்ட வேண்டும். பாடல்களோ ஏழு, எட்டு, ஒன்பது நிமிடங்கள் நீளமானவை; தாளக்கணக்கு அடிக்கடி மாறுபவை. ஒன்பது பாடல்களுக்கு 65 நிமிடம் ஆகி, இசைத்தட்டு வடிவத்தில் இரண்டு தட்டுகளாக வெளியிட வேண்டியிருந்தது. லார்ஸ் உல்ரிக்கின் டிரம்ஸுக்கும் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் ரிதம் கித்தாருக்கும் இந்த அளவு உழைப்பு கொட்டப்பட்டது.

பேஸ் பதிவானது வேறு விதமாக. நியூஸ்டெட் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்: தான் வாசித்தபோது ஹெட்ஃபீல்டோ உல்ரிக்கோ தயாரிப்பாளரோ கூடத்தில் இல்லை, டோபி ரைட் என்ற துணை ஒலிப்பதிவாளர் மட்டுமே இருந்தார், தனக்கு வழிகாட்டவோ மாற்று யோசனை சொல்லவோ ஒருவரும் இல்லாததால், பழைய குழுவில் வாசித்தது போலவே கித்தாரின் ஒவ்வொரு சுரத்தையும் அப்படியே தொடர்ந்து வாசித்துவிட்டு வந்தார். இதை மறுத்து வேறு எவரும் பேசி நான் படித்ததில்லை என்பதால், உறுதியானவற்றின் பக்கத்திலேயே இதை வைக்கிறேன்.

தொழில் தெரிந்தவர்களுக்கு இந்த ஒரு தகவலே பாதிக் கதையைச் சொல்லிவிடும். பேஸ் கித்தாருக்கு இசையில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, கித்தாருக்குக் கீழே எடை சேர்ப்பது. மற்றொன்று, கித்தாருக்கும் டிரம்ஸுக்கும் நடுவில் பாலமாக நின்று, சில இடங்களில் கித்தாரோடு சேர்ந்தும் சில இடங்களில் விலகியும் போவது. பேஸ் பதிவின்போது உடன் உட்கார்ந்திருக்கும் தயாரிப்பாளர் செய்யும் முக்கியமான காரியமே, இந்த இடத்தில் நீளமான ஒற்றைச் சுரத்தைப் பிடித்து நில், அந்த இடத்தில் காலால் அடிக்கும் கிக் டிரம்மோடு மட்டும் போ, இங்கே ஒரு ஸ்தாயி மேலே ஏறு என்று சொல்வதுதான். அப்படிச் சொல்ல ஆள் இல்லாதபோது பேஸ் முழுக்க முழுக்கக் கித்தாரின் நிழலாகிவிடுகிறது. நியூஸ்டெட் திறமையற்றவர் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். அந்த பேஸ் வாசிப்பைத் தனியாகக் கேட்ட மிகச் சிலரில் ராஸ்முசன் ஒருவர். அது அருமையாக இருந்தது என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். வாசிப்பு நன்றாக இருந்தது, ஆனால் அது நின்ற இடத்தில் வேறொன்று ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது.

இதைக் கொஞ்சம் எண்களோடு விளக்குகிறேன், ஏனென்றால் இந்த விவகாரத்தில் முழு உறுதியோடு பேசக்கூடிய பகுதி இதுதான். பேஸ் கித்தாரின் மிகத் தாழ்ந்த கம்பியைத் திறந்தபடி மீட்டினால் அடிப்படை அதிர்வெண் ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ். கித்தாரின் மிகத் தாழ்ந்த கம்பி அதற்குச் சரியாக ஒரு ஸ்தாயி மேலே, 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. சிறிய ஸ்பீக்கர்களால் 41 ஹெர்ட்ஸை ஒழுங்காக எழுப்ப முடியாது. அதனால் பெரும்பாலான நேரங்களில் பேஸை நாம் அடையாளம் காண்பது அதன் மேற்சுரங்களால்தான். அந்த மேற்சுரங்கள் 82, 123, 164 ஹெர்ட்ஸ் என்று அடுக்கிக்கொண்டே போகும். இப்போது ஹெட்ஃபீல்ட் வாசிப்பதைப் பாருங்கள். மெட்டல் இசையின் உயிரான பவர் கார்டு என்பது அடிச்சுரமும் பஞ்சமமும் சேர்ந்தது. அந்தத் தாழ்ந்த கம்பியில் வாசித்தால் அவை 82 ஹெர்ட்ஸும் 123 ஹெர்ட்ஸும். பேஸின் முதல், இரண்டாவது மேற்சுரங்கள் எங்கே விழுகின்றனவோ, மிகச் சரியாக அதே இடத்தில் கித்தார் உட்கார்ந்திருக்கிறது. அதிலும் கித்தார் ஒன்றல்ல. ஒரே பகுதியை மீண்டும் மீண்டும் வாசித்து இடப்புறமும் வலப்புறமுமாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். இன்னொன்றும் உண்டு. டிஸ்டார்ஷன் வழியாக அடிச்சுரமும் பஞ்சமமும் ஒன்றாகச் செல்லும்போது, இரண்டின் வித்தியாசமான 41 ஹெர்ட்ஸும் புதிதாகப் பிறக்கிறது. அதாவது பேஸ் கித்தாரின் அடிப்படைச் சுரத்தைக் கித்தாரே ஓரளவு தானாக உண்டாக்கிக்கொள்கிறது. கித்தார் பெட்டியின் ஸ்பீக்கர் அதில் பெரும்பகுதியைத் தேக்கிவிடும் என்றாலும், எஞ்சும் சிறு அளவு, பேஸ் ஏற்கெனவே இருப்பது போன்ற உணர்வைக் காதுக்குத் தந்துவிடுகிறது.

இதோடு நேர ஒற்றுமையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் பல ஒலிகள் வரும்போது நம் காது அவற்றைப் பிரித்தறியும் வழிகளில் முக்கியமானது, ஒவ்வொன்றும் தொடங்கும் கணத்தில் உள்ள சிறு வேறுபாடு. நியூஸ்டெட் பிக் கொண்டு ஹெட்ஃபீல்டின் ஒவ்வொரு மீட்டலோடும் ஒட்டி வாசித்ததால் அந்த வேறுபாடும் இல்லாமல் போனது. சுரம் ஒன்று, கணம் ஒன்று, மீட்டும் முறையும் ஒன்று. இப்படிப்பட்ட நிலையில் இரண்டில் சத்தம் குறைந்தது மற்றொன்றுக்குள் கரைந்துவிடும். அது தனிக் கருவியாகக் காதில் விழாது.

மூன்றாவது காரணி கித்தாரின் நிறமும் கிக் டிரம்மின் நிறமும். இந்த ஆல்பத்துக் கித்தார் ஒலியில் நடு அதிர்வெண்கள் நன்றாகக் குடையப்பட்டு, அடியும் மேலும் தூக்கி நிறுத்தப்பட்டிருக்கின்றன. உள்ளங்கையால் கம்பியை அடக்கி மீட்டும்போது நெஞ்சில் இடிப்பது போல எழும் அந்தத் தாழ் ஒலி, வழக்கமாக பேஸுக்கு ஒதுக்கும் இடத்தை எடுத்துக்கொள்கிறது. கிக் டிரம்மில் இதற்கு நேர்மாறாக, அடிப்பகுதியின் உருண்டையான ஒலியைவிடத் தோலில் அடி விழும் ‘டிக்’ என்ற கூர்மையே முன்னால் நிற்கிறது. வழக்கமான ராக் பதிவில் கிக் டிரம்மும் பேஸும் சேர்ந்து ஒரே அடித்தளமாக இருக்கும். இங்கே கிக் அந்தக் கூட்டணியை விட்டு விலகி மேலே போய்விட்டது, கித்தார் கீழே இறங்கிவிட்டது. ‘பிளாக்கண்ட்’ பாட்டில் தலைகீழாகச் சுழற்றப்பட்ட கித்தார்கள் மெல்ல ஏறி வந்து, முதன்மை ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கித்தார் மெட்டு) வெடித்துத் தொடங்கும் அந்த இடத்தை மறுபடி கேட்டுப் பாருங்கள். அடியில் கேட்பது முழுக்க ஹெட்ஃபீல்டின் வலது கை. அதன் மேல் உல்ரிக்கின் கால்கள் ஊசி குத்துவது போலத் தட்டிக்கொண்டிருக்கும். நடுவில் ஒரு வெற்றிடம். அந்த வெற்றிடத்தைத்தான் இத்தனை ஆண்டுகளாக எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இதுவரை சொன்னவை பேஸ் ஏன் தெளிவில்லாமல் போகும் என்பதற்கான காரணங்கள். அது ஏன் இந்த அளவுக்கு மறைந்தது என்பதற்கு மிக்ஸிங் கூடத்துக்குப் போக வேண்டும். மிக்ஸிங் வேலை நியூயார்க் மாநிலத்தின் பேர்ஸ்வில் ஸ்டுடியோவில் நடந்தது. செய்தவர்கள் ஸ்டீவ் தாம்சனும் மைக்கேல் பார்பியெரோவும். பல ஆண்டுகளாக ரசிகர்கள் இவ்விருவரையும் திட்டித் தீர்த்துவிட்டார்கள், அது பெரிய அநியாயம். கன்ஸ் அண்ட் ரோஸஸின் முதல் ஆல்பத்தை மிக்ஸ் செய்தவர்களும் இவர்களே. அதில் பேஸ் எவ்வளவு தெளிவாக, எவ்வளவு இடம் பிடித்து நிற்கிறது என்று கேட்டுப் பார்த்தால், இவர்களுக்கு பேஸைக் கையாளத் தெரியாது என்ற பேச்சே எழாது.

நடந்ததைப் பற்றித் தாம்சன் தரும் விவரம் இது: டிரம்ஸ் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதற்காக, அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் ஈக்குவலைசர் அமைப்புகளை உல்ரிக் முன்கூட்டியே எழுதிக் கொண்டுவந்திருந்தார், அவற்றின்படி அமைத்த பிறகு, பேஸைக் காதுக்கு எட்டியும் எட்டாமலும் இருக்கும் அளவுக்குக் குறைக்கச் சொன்னார், குறைத்ததும் அங்கிருந்து இன்னும் சில டெசிபல் கீழே இறக்கச் சொன்னார். ராஸ்முசன் மிக்ஸிங்கின்போது அங்கே இல்லை. ஆனால் அவர் சொல்வதும் சாராம்சத்தில் இதுவேதான். எத்தனை டெசிபல் என்பதிலும், ஆணையிட்டவர் உல்ரிக் மட்டுமா, ஹெட்ஃபீல்டும் சேர்ந்தா என்பதிலும் விவரிப்புகள் வேறுபடுகின்றன. பல ஆண்டுகள் கழித்து நினைவிலிருந்து சொல்லப்பட்டவை என்பதால் அந்த எண்களைப் பிடித்துக்கொண்டு வாதாடுவதில் பயனில்லை. உறுதியாகக் கொள்ளக்கூடியது ஒன்று: குறைக்கும் முடிவு குழுவிடமிருந்து வந்தது, மிக்ஸிங் செய்தவர்களிடமிருந்து வரவில்லை. மூன்று டெசிபல் குறைத்தால் ஒலியின் ஆற்றல் பாதியாகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். தனியாகக் கேட்கும்போது அது சிறிய மாற்றமாகவே தெரியும். ஆனால் ஏற்கெனவே வேறொரு கருவியின் நிழலுக்குள் விளிம்பில் நிற்கும் ஒலியை அவ்வளவு குறைத்தால், அது விளிம்பைத் தாண்டி விழுந்துவிடும். இந்த ஆல்பத்தில் நடந்தது அதுதான் என்று நான் நம்புகிறேன்.

ஹெட்ஃபீல்ட் பிற்காலத்தில் ஒரு விளக்கம் கொடுத்தார். அந்தக் கோடையில் வான் ஹேலன், ஸ்கார்பியன்ஸ் ஆகிய குழுக்களோடு மைதானங்களில் நடந்த பெரிய இசைப் பயணத்தில் மெட்டாலிக்காவும் இருந்தது. கச்சேரிகளுக்கு நடுவே விமானம் ஏறி பேர்ஸ்விலுக்கு வந்து மிக்ஸைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போவார்கள். அதனால் காதுகள் களைத்துப்போயிருந்தன, மேல் அதிர்வெண்கள் கேட்காததால் அவற்றை மேலும் மேலும் ஏற்றிக்கொண்டே போனோம் என்பது அவர் சொன்னதன் சாரம். இது சாக்குப்போக்கு என்று சிலர் ஒதுக்குகிறார்கள். ஒலியியல்படி பார்த்தால் இதில் உண்மை இருக்கிறது. பேரிரைச்சலில் பல மணி நேரம் நின்ற காது, குறிப்பாக 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில், தற்காலிகமாக மழுங்கிப்போகும். அப்படிப்பட்ட காதோடு மிக்ஸ் செய்ய உட்காரும் எவரும் கூர்மையைக் கூட்டுவார். கிக் டிரம்மின் அந்த ‘டிக்’ ஒலிக்கும் ஆல்பம் முழுவதன் வறட்சிக்கும் இது பொருந்துகிறது. மேலும், ஸ்டுடியோ ஸ்பீக்கரை மிகவும் சத்தமாக வைத்துக் கேட்கும்போது தாழ் அதிர்வெண்கள் வழக்கத்தைவிட ஓங்கியே கேட்கும். பேஸ் ஏற்கெனவே அதிகமாக இருக்கிறது என்று தோன்றும். களைத்த காதைக் கொண்டவர்கள் ஒலியைக் கூட்டி வைத்துத்தான் கேட்டிருப்பார்கள் என்பது என் ஊகம், அவ்வளவுதான். ஆனாலும், காதுக்கே எட்டாத அளவுக்கு இறக்கு, அதற்கும் கீழே இறக்கு என்ற ஆணையை காதுக் களைப்பு மட்டும் விளக்கிவிடாது. அதில் விருப்பமும் கலந்திருக்கிறது.

அந்த விருப்பம் பழிவாங்கலா என்பது உங்கள் நண்பர்களின் வாதம். நியூஸ்டெட்டை மற்ற மூவரும் சேர்ந்து தொல்லை செய்தது உண்மை. அதை அவர்களே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்கள். நண்பனைப் பறிகொடுத்த துக்கத்தை முறையாகக் கையாளத் தெரியாத இளைஞர்கள், அந்த நண்பனின் இடத்தில் வந்து நின்றவர் மேல் அதைக் கொட்டினார்கள் என்று புரிந்துகொள்வதில் தவறில்லை. ஆனால் அந்தத் தொல்லைதான் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரைக் கீழே இழுத்தது என்று சொல்ல நேரடிச் சான்று கிடையாது. பகையை உல்ரிக் மறுத்திருக்கிறார். டிரம்ஸிலும் ரிதம் கித்தாரிலும் மூழ்கிப்போய், அவற்றை ஏற்றிக்கொண்டே போனதில் பேஸ் கீழே போய்விட்டது என்பது அவர் தரப்பு. சூழ்நிலைச் சான்றுகளும் இரு பக்கமும் இருக்கின்றன. 1987 தட்டில் பேஸ் நன்றாகக் கேட்பதும், ‘பிளாக்கண்ட்’ பாட்டின் இயற்றுநர் வரிசையில் நியூஸ்டெட்டின் பெயரைச் சேர்த்திருப்பதும் பகைக் கதைக்கு எதிரானவை. தனியாகப் பதிவு செய்ய விட்டதும், மிக்ஸிங்கில் அவர் குரலுக்கு இடமே இல்லாமல் போனதும் அதற்குச் சாதகமானவை. என்னை அதிகம் யோசிக்க வைப்பது ‘டு லிவ் இஸ் டு டை’. பர்ட்டன் விட்டுச்சென்ற இசைத் துணுக்குகளை வைத்து, அவருடைய நினைவுக்காகவே கோத்த, ஏறத்தாழப் பத்து நிமிடப் பாட்டு அது. உலகமே வியந்த ஒரு பேஸ் கலைஞனுக்கான அஞ்சலி. அதிலும்கூட பேஸ் மற்றப் பாடல்களைப் போலவேதான் அடங்கிக் கிடக்கிறது. நியூஸ்டெட்டைத் தண்டிப்பதற்காகத் திட்டமிட்டு இறங்கியிருந்தால், பர்ட்டனுக்கான பாட்டையும் அதே தண்டனைக்குள் தள்ளியிருப்பார்களா என்று எனக்குள் கேட்டுக்கொள்கிறேன். எனக்குக் கிடைக்கும் விடை, பேஸைப் பற்றி அவர்கள் அப்போது எண்ணவே இல்லை என்பதுதான். வன்மத்தைவிட இந்தப் பொருட்படுத்தாமை நியூஸ்டெட்டை அதிகம் காயப்படுத்தியிருக்கக்கூடும். ஆல்பத்தை முதலில் கேட்டபோது மிகவும் மனம் உடைந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். பிற்காலத்தில், அது ஜேம்ஸும் லார்ஸும் சேர்ந்து வாசித்த இரட்டையர் தட்டு, அந்த அளவில் அது சரியாகவே இருக்கிறது என்று பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார்.

இனி 2018 பதிப்பு. ரீமாஸ்டர் என்பதற்கும் ரீமிக்ஸ் என்பதற்கும் உள்ள வேறுபாடு தெரியாமல் பலர் ஏமாந்துபோகிறார்கள். மிக்ஸிங் என்பது டிரம்ஸ், பேஸ், கித்தார், குரல் ஆகியவை தனித்தனித் தடங்களில் இருக்கும்போது அவற்றின் அளவையும் நிறத்தையும் முடிவு செய்து, இடது வலது என்ற இரண்டே தடங்களாகச் சுருக்குவது. மாஸ்டரிங் என்பது அந்த இரண்டு தடங்களை மட்டும் வைத்துக்கொண்டு கடைசியாக ஒலியைச் சீர்செய்வது. சாம்பாரில் கொதித்துக் கரைந்துவிட்ட பருப்பைத் தனியாக எடுத்துக் கூட்ட முடியாதது போல, மாஸ்டரிங் கட்டத்துக்கு வந்துவிட்ட ஒலியிலிருந்து பேஸை மட்டும் பிரித்து ஏற்ற முடியாது. தாழ் அதிர்வெண்களை ஏற்றினால் பேஸோடு கித்தாரின் அடி ஒலியும் கிக் டிரம்மும் சேர்ந்தே ஏறும். 2018 பதிப்பு ரீமாஸ்டர் மட்டுமே. பேஸ் அதிலும் கேட்காது. ரீமிக்ஸ் செய்யச் சொல்லி ரசிகர்கள் எவ்வளவோ கேட்டும் குழு மறுத்துவிட்டது. வரலாற்றில் பதிந்துவிட்ட ஒன்றைத் திருத்த வேண்டியதில்லை என்பது அவர்கள் நிலைப்பாடு. ஆகவே பேஸுக்காக மட்டும் அதை வாங்க நினைத்தால், வாங்க வேண்டாம்.

பேஸ் ஏற்றிய பதிப்புகள் இணையத்தில் உலவுவதைப் பார்த்திருப்பீர்கள். 2009இல் வந்த ‘கித்தார் ஹீரோ: மெட்டாலிக்கா’ என்ற விளையாட்டுக்காகச் சில பாடல்களின் தடங்கள் தனித்தனியாகக் கொடுக்கப்பட்டன, ரசிகர்கள் அவற்றைப் பிரித்தெடுத்து, பேஸை ஏற்றித் தாங்களே மிக்ஸ் செய்தார்கள். அவற்றிலிருந்து ஒன்று தெளிவாகிறது: நியூஸ்டெட்டின் வாசிப்பு முழுமையாகவும், வலுவாகவும், துளி பிசகில்லாமலும் டேப்பில் இருந்தது. ‘டயர்ஸ் ஈவ்’ போன்ற வேகமான பாட்டில் அந்த வலது கை எவ்வளவு பாடுபட்டிருக்கிறது என்று தெரியும்போது, அதை அடக்கி வைத்ததை நினைத்து எனக்கு இன்றும் வருத்தமாகத்தான் இருக்கிறது. அதே சமயம், விளையாட்டுக்காகத் தயாரித்த தடங்கள் பல முறை பதப்படுத்தப்பட்டவை. மூல டேப்பில் பேஸ் இப்படித்தான் ஒலித்தது என்று அவற்றை வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. இன்னொன்றையும் அவற்றில் கவனிக்கலாம். பேஸ் ஏறியதும் பாட்டுக்கு எடை கூடுகிறது, கித்தார் கொஞ்சம் வட்டமாகிறது. ஆனால் புதிய இசைச் சிந்தனை எதுவும் வெளிப்படுவதில்லை. பேஸ் அங்கே கித்தாரையேதான் வாசித்துக்கொண்டிருக்கிறது. ஃபேடரை ஏற்றினால் ஒலி திரும்பி வரும். தயாரிப்பாளர் உடன் இருந்து, பேஸ் தனக்கென ஒரு வழியைத் தேடிக்கொண்டிருந்தால் என்னவாகியிருக்குமோ அது திரும்பி வராது. இந்த ஆல்பத்தில் உண்மையான இழப்பு பேர்ஸ்விலில் நடந்ததல்ல, அதற்குச் சில மாதங்கள் முன்பே லாஸ் ஏஞ்சலிஸில் நடந்துவிட்டது என்று நான் கருதுவது இதனால்தான்.

நேர்த்தியான மிக்ஸ் கிடைத்திருந்தால் இது இன்னும் பெரிய ஆல்பமாகியிருக்குமா என்பதில் நானே முழுத் தெளிவோடு இல்லை. தொழில் நோக்கில் இது குறைபாடுள்ள வேலை. மாணவர் ஒருவர் இப்படி ஒரு மிக்ஸைக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். ஆனால் பாடல்களின் பொருளைப் பாருங்கள். பணத்துக்கு விலைபோகும் நீதிமன்றம், கருகிப்போன பூமி, கருத்துச் சுதந்திரம் என்ற பெயரில் வரும் கட்டுப்பாடு, கை கால் கண் காது எல்லாம் இழந்து உடலுக்குள்ளேயே சிறைப்பட்ட போர்வீரன். ஈரமே இல்லாத அந்த ஒலி, எதிரொலி தேய்ந்துபோன அந்த டிரம்ஸ், நடுவில் உள்ள அந்தப் பள்ளம் எல்லாம் இந்தப் பொருளோடு அச்சமூட்டும் அளவுக்குப் பொருந்திப் போகின்றன. ‘ஒன்’ பாட்டின் பின்பாதியில் கித்தாரும் இரட்டைக் கிக்கும் இயந்திரத் துப்பாக்கியாகச் சேர்ந்து அதிரும் இடத்தில், கீழே தடித்த பேஸ் ஒன்று அணைத்துப் பிடித்திருந்தால் அந்தக் கொடூரம் சற்று ஆறுதலாகிவிட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றும். திட்டமிட்டுக் கிடைத்த பொருத்தம் என்று சொல்ல மாட்டேன். அதே குழு 1990-91இல் அதே ஒன் ஆன் ஒன் ஸ்டுடியோவில், பாப் ராக் என்ற தயாரிப்பாளரோடு பதிவு செய்த அடுத்த ஆல்பத்தில் பேஸுக்கு முழு இடம் கொடுத்தது. தங்களுக்கு எது குறைவாக இருந்தது என்று அவர்கள் உணர்ந்திருந்ததற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இந்தப் பாடல்களில் நியூஸ்டெட் என்ன செய்தார் என்று கேட்கத்தான் உங்களுக்கு விருப்பம் என்றால், ரசிகர்களின் திருத்தங்களைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. 1989 ஆகஸ்டு மாதம் சியாட்டில் நகரில் மெட்டாலிக்கா நடத்திய கச்சேரியின் பதிவு, 1993இல் வெளிவந்த மேடைக் கச்சேரித் தொகுப்பில் முழுமையாக இருக்கிறது. இந்த ஆல்பத்துக்கான இசைப் பயணம் அது. பேர்ஸ்வில் மிக்ஸும் அங்கே கிடையாது, பிளேடால் வெட்டி ஒட்டிய டிரம்ஸும் கிடையாது; நான்கு பேரும் ஒரே மேடையில் ஒரே நேரத்தில் வாசிக்கிறார்கள். அதில் ‘பிளாக்கண்ட்’ பாட்டை முதலில் கேளுங்கள், பிறகு ‘ஹார்வெஸ்டர் ஆஃப் சாரோ’. முதல் முறை கேட்கும்போது கித்தாரைக் கவனிக்காமல், அடியில் பிக் கம்பியில் படும் ஒலியை மட்டும் பின்தொடருங்கள். அதற்குப் பிறகு ஆல்பத்துக்குத் திரும்பினால், பேஸ் எங்கே இருந்திருக்க வேண்டும் என்பதை உங்கள் காதே காட்டிக்கொடுத்துவிடும்.